எங்க ரோட்டுக்கு யாரு காசு போடுறது

வேன் இனிமே என் வாசலுக்கு வராதுன்னு வேன் ஓட்டுற தம்பி சொன்னப்ப எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. அவன் எப்பவும் வெளயாட்டுக்காரன். புந்தோங்குல இருந்து வாரான். ஞாயித்துக்கெழம சர்ச்சுல கிட்டாரு வாசிப்பான், வேன் ஓட்டும்போதும் பாடிக்கிட்டேதான் ஓட்டுவான். அன்னிக்குப் பாடல.

"பாட்டி, நெசமாத்தான் சொல்றேன். மேல உள்ளவங்க சொல்லிட்டாங்க. அடுத்த மாசத்துல இருந்து மெயின் ரோட்டு முக்கு வரைக்கும்தான் வேனு. உள்ள வந்தா ஸ்பிரிங்கு ஒடையுது."

"முக்குல இருந்து நான் எப்படிய்யா வீட்டுக்கு வாரது, பறந்தா?"

"மருமக கொண்டாந்து விடமாட்டாங்களா?"

"அவ விடியறதுக்குள்ள ஈப்போவுல வேலைக்குப் போயிருவாளே. அவள நம்புனா எனக்கு எதுக்குய்யா உன் வேனு?"

தலைய சொறிஞ்சுக்கிட்டு நின்னான். அப்பத்தான் அவன் வெளயாடலன்னு எனக்குப் புரிஞ்சுச்சு.

எனக்கு இனிப்பு நீரு, சக்கர நோயி. கிட்னி ரெண்டும் போச்சு. வாரத்துல செவ்வா, வியாழன், சனி போயி ரத்தம் கழுவிட்டு வாரேன். கழுவுற எடம் நல்லாத்தான் இருக்கும், பொய் சொல்லக் கூடாது. ஏர்கோன் இருக்கு, டிவி இருக்கு. பக்கத்து நாற்காலியில ஒரு பாய், சாப்பாட்டுக்கட வச்சிருக்கறவரு, ஊர்க்கத பூரா சொல்லுவாரு. சிரிச்சு சிரிச்சு மெஷினு கத்தும், நர்ஸம்மா வந்து வையும். ஆனா எந்திரிச்சு வெளிய வாரப்ப ஒடம்பு பிழிஞ்சு கொடியில போட்ட துணி மாதிரி இருக்கும். பேசறதுக்கு வாயி இருக்கும், நடக்கறதுக்குக் காலு இருக்காது. அந்த நெலமையில எங்க ரோட்டுல குழிக்குக் குழி எறங்கி ஏறணும். ஒருவாட்டி வேன் தூக்கிப் போட்டதுல கையில ஊசி எடுத்த ஓட்ட தொறந்துகிச்சு. சட்ட, சீட்டு எல்லாம் ரத்தம். வேன் தம்பி அழுதே போயிட்டான். அதுக்கப்புறம்தான் மேல சொல்லியிருக்கான். அவனக் குத்தம் சொல்ல முடியாது.

முக்குல எறக்கி விட்டா நான் வீடு வந்து சேர மாட்டேன். நடுவுல செம்பனை மரத்தடியிலதான் உக்காந்திருப்பேன், பாம்புக்குத் தொணையா.

நாங்க இருக்கறது ஈப்போ டவுனுக்கு வெளிய, லகாட் தாண்டி உள்ள. முன்னால ரப்பரு தோட்டம். நான் கல்யாணம் ஆகி வந்து பால் வெட்டினது இங்கதான். அப்புறம் கம்பெனி மரத்த எல்லாம் சாச்சுட்டு எண்ணெக்குச் செம்பனை நட்டுச்சு, அப்புறம் வித்துட்டுப் போயிடுச்சு. பழைய ஆளுங்களுக்கு மட்டும் ஆளுக்கொரு துண்டு நெலம் குடுத்தாங்க. நெலம் குடுத்தவன் ரோடு குடுக்கல. முனிசிபால்ட்டில போயி கேட்டா, அது கம்பெனி ரோடுங்கறான். வாங்கின கம்பெனிய கேட்டா, போன் அடிச்சுக்கிட்டே இருக்கு, யாரும் எடுக்கறதில்ல. ஆகமொத்தம் அது எங்க ரோடு. நாங்களே கல்லு போடணும், நாங்களே மண்ணு போடணும்.

அப்ப எல்லாம் அதுக்குக் காசு எப்படி வந்துச்சுன்னா, என் வீட்டு வாசல்ல இருந்துதான் வந்துச்சு. பெட்ரோல் ஊத்துற எண்ணெக் கட ரொம்ப தூரம். மொத்தோ, அதான் மோட்டார் சைக்கிளு, வச்சிருக்கறவங்களுக்காக எங்க வீட்டுக்காரரு பாட்டில்ல பெட்ரோல் ஊத்தி வாசல்ல பலகையில அடுக்கி வைப்பாரு. வேலைக்குப் போறவன் நிப்பான், ஒரு பாட்டில ஊத்துவான், காச வச்சுட்டுப் போவான். ஒவ்வொரு பாட்டிலுக்கும் பத்து காசு கூட. அந்தப் பத்து காசு மைலோ டின்னுக்குள்ள, ரோட்டுக்கு. யாரும் கேட்டதில்ல, யாரும் மொனகுனதில்ல. நெறைய ஓடுறவன் நெறைய ஊத்துவான், கொஞ்சமா ஓடுறவன் கொஞ்சமா ஊத்துவான். வருசத்துல ஒரு தடவ ஒரு லோரி கல்லு வந்துரும். எங்க வீட்டுக்காரரு போன பெறகும் நான் வித்தேன். எனக்கு எழுத்துக் கெடையாது, ஆனா பாட்டில் எண்ணத் தெரியும்ல.

அப்புறம்தான் இந்தக் கரண்டு வண்டி வந்துச்சு.

மொதல்ல கடைசி வீட்டுக்காரி ஒருத்தி, காலையில நாசி லெமாக், அதான் தேங்காப்பால் சோறு, விக்கிறவ, கரண்டு மொத்தோ வாங்கினா. அப்புறம் முன்வீட்டுப் பசங்க. அப்புறம் என் மருமக மொத்தோ இல்ல, நாலு சக்கரக் காடியே கரண்டுல வாங்கிட்டா. என் மகன் சிங்கப்பூருல வேல பாக்குறான், அவனும் அவளும் சேந்து காடிக் கடன் கட்டுறாங்க. அழகுன்னா அழகு, வெள்ளக் காடி. பூன மாதிரி வரும், சத்தமே இருக்காது. என் கோழிங்களுக்கு ஆரம்பத்துல ஒண்ணும் புரியல, பின்னாடி வந்து நின்னப்பதான் குதிச்சுச்சுங்க. எனக்கு அதுல உக்காந்து போறதுன்னா அவ்வளவு சந்தோசம். ராணி மாதிரி உக்காந்து போவேன். ஆனா பாட்டில் பலக காலியாயிடுச்சு. மைலோ டின்னுல பல்லி முட்ட போட்டிருந்துச்சு.

மருமக சொல்லுவா, வெளிநாட்டுல எல்லாம் இதே சண்டதானாம். அங்க பெட்ரோல் வெலையிலயே ரோட்டு வரி ஒளிஞ்சிருக்குதாம், கரண்டு வண்டிக்காரன் அதக் கட்டாம ஓடுறானாம், இப்ப அவன்கிட்ட எப்படி வாங்குறதுன்னு பெரிய பெரிய ஆளுங்க மண்டைய ஒடைக்கிறாங்களாம். நம்ம நாட்டுல தலகீழு. இங்க எண்ணெய்க்கு அரசாங்கமே காசு குடுக்குது, ஐசி, அதான் அடையாள அட்ட, காட்டினா வெல கம்மி. ரோட் டேக்ஸு தனியா. கரண்டு காடிக்கு கொஞ்ச வருசம் அதுவும் வேணாம்னு விட்டாங்க, இப்ப மோட்டர் பவரப் பாத்து கட்டச் சொல்றாங்களாம். எதக் கட்டினாலும் அதுல ஒரு கல்லு எங்க ரோட்டுக்கு வாரதில்ல.

கழுவுற எடத்துல பாய்கிட்ட இதச் சொன்னேன். அவரு சொன்னாரு, "அக்கா, ரோட்டுக்குன்னு கைய நீட்டிக் கேட்டா எவனும் குடுக்க மாட்டான். தே தாரே டீயில சேத்து வில்லுங்க, குடிச்சுட்டு வாயத் தொடச்சுட்டுப் போவான்." சரியாத்தான் சொன்னாரு. ஆனா கரண்டு வண்டி தே குடிக்காதே.

நான் நேரா கோயில் தலைவர்கிட்ட போனேன். போனேன்னா, மருமக காடியிலதான். தலைவரு முன்னால லோரி ஓட்டினவரு. இப்ப ஒரு பழைய பிக்கப்பு வச்சிருக்காரு, அது ஸ்டார்ட் ஆனா ஊருக்கே தெரியும். வெள்ளிக்கெழம பூச முடிஞ்சதும் முனியாண்டி கோயில் கொட்டாயில கூட்டம் போட்டாரு.

"அக்காவுக்கு வேனு வராதாம். ரோட்டுக்குக் கல்லு போடணும். எல்லா வீடும் சமமா கட்டிருங்க, முடிஞ்சு போச்சு," அப்படின்னாரு.

முன்வீட்டுக்காரரு எந்திரிச்சாரு. "என் வாசல் முக்குல இருக்கு தலைவரே. நான் உள்ள வாரதே இல்ல. எனக்கு எதுக்கு?"

"சாமி கும்புட உள்ளதானே வந்திருக்க?"

"நடந்து வந்தேன்."

எல்லாரும் சிரிச்சாங்க. வண்டிக்கு இவ்வளவுன்னு போடலாம்னு ஒருத்தர் சொன்னாரு. அப்ப கோழிப்பண்ண லோரிக்கும் என் மொத்தோவுக்கும் ஒண்ணான்னு நாசி லெமாக்காரி கேட்டா. ரோட்டுக் கடைசியில ஒரு சீன மொதலாளி, தவுக்கேன்னு கூப்புடுவோம், கோழிப்பண்ண வச்சிருக்காரு. அவரும் வந்து பின்னால பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்திருந்தாரு. எங்களோடயே இருந்து இருந்து தமிழு பேசுவாரு.

"என் லோரி கோழி தூக்கும், ரோடு சாப்பிடாது லா," அப்படின்னாரு.

"உங்க லோரிதான் தவுக்கே சாப்பிடுது," அப்படின்னா நாசி லெமாக்காரி.

"அவங்க கரண்டு காடி இன்னும் கனம். அடியில பூரா பேட்டரி." என் மருமகளக் கைய காட்டுறாரு.

மருமகளுக்கு மூஞ்சி செவந்துருச்சு. "தவுக்கே, உங்க லோரிக்கு முன்னால என் காடி கொசு."

இப்படியே போச்சு. கடைசியில தலைவருக்கு ஒரு ரோசன வந்துச்சு. எண்ணெய்க்குப் பத்து காசு போட்ட மாதிரி கரண்டுக்குப் போட்டுருவோம்னாரு. அவங்கவங்க வீட்டுல சார்ஜு போட்டா நமக்கு எப்படித் தெரியும்? அதனால கோயில்ல ஒரு பிளக்கு, அதுக்கு ஒரு தனி மீட்டரு. கரண்டு வண்டி எல்லாம் இங்கதான் சார்ஜு போடணும், ரோட்டுக் காசு அதுலயே சேந்துரும். முனியாண்டி பாத்துக்கிட்டு இருப்பாரு, யாரும் ஏமாத்த மாட்டாங்க. எனக்குக் கேக்கவே நல்லா இருந்துச்சு. என் பாட்டில் பலக கோயிலுக்கு வந்த மாதிரி.

அடுத்த வெள்ளிக்கெழம பூச. எங்க கோயில்ல மேளக்காரங்க கெடையாது, கரண்டு மேளம். சுவிட்சப் போட்டா மணியும் மேளமும் தன்னால அடிக்கும். பூசாரி சூடத்தத் தூக்குறாரு, மேளம் உச்சத்துல அடிக்குது. அந்த நேரம் பாத்து என் மருமக வேலையில இருந்து வந்து, வெளிய காடிய நிப்பாட்டி பிளக்க மாட்டியிருக்கா. டப்புன்னு ஒரு சத்தம். மேளம் நின்னுச்சு, மணி நின்னுச்சு, லைட்டு அணைஞ்சுச்சு. சூட வெளிச்சத்துல முனியாண்டி மொகம் மட்டும் தெரியுது, கண்ண உருட்டிக்கிட்டு.

நாசி லெமாக்காரி சாமி வந்து ஆட ஆரம்பிச்சுட்டா. "என் கரண்ட எடுத்தது யாருடா?"ன்னு கேக்குறா. நான் சேல முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டு சிரிக்கிறேன், ஊசி போட்ட கை வலிக்குது, சிரிப்ப நிப்பாட்ட முடியல. மருமக வாசல்ல பிளக்கக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறா, திருடுனவ மாதிரி.

அதோட அந்தப் பிளக்குக்கு ஒருத்தரும் போகல. எல்லாரும் வீட்டுல சார்ஜு போட்டாங்க. மருமக ஈப்போவுல வேல எடத்துலயே போட்டுக்கிட்டா.

வேன் தம்பி சொன்ன மாசம் நெருங்குது. எனக்கு ராத்திரித் தூக்கம் கொறஞ்சு போச்சு. மறுபடியும் கூட்டம். இந்த வாட்டி கிலோமீட்டர் கணக்கு. எவ்வளவு ஓடுறியோ அவ்வளவு கட்டு. வண்டியில உள்ள மீட்டர சாமி முன்னால சொல்லணும், சூடத்த அடிச்சு. எங்க ஆளுங்க போலீசுகிட்ட பொய் சொல்லுவாங்க, பொண்டாட்டிகிட்ட சொல்லுவாங்க, சூடத்து முன்னால சொல்ல மாட்டாங்க. அது ஒரு நல்ல வழின்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க.

மாசக் கடைசியில எல்லாரும் வண்டியக் கோயில் வாசல்ல நிப்பாட்டினாங்க. நாசி லெமாக்காரி மீட்டருல கொஞ்சந்தான் ஓடியிருந்துச்சு. அவ பக்கத்துல உள்ள பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும்தான் போவா, ஆனா போறதும் வாரதுமா நாள் பூரா எங்க ரோட்டுலயேதான் இருப்பா. தலைவரு பிக்கப்பு மீட்டரு எப்பவோ நின்னு போச்சு, பல வருசமா ஒரே நம்பரு.

"சூடத்து மேல சத்தியம், நான் ஒரு கிலோமீட்டரும் ஓடல," அப்படின்னாரு தலைவரு. கொட்டாயே அதிர சிரிச்சோம்.

அப்புறம் மருமக காடி. அவ நம்பரச் சொன்னதும் சிரிப்பு நின்னுருச்சு. அவ ஈப்போவுக்குப் போறா, வாரா, ஞாயித்துக்கெழமையில பீடோருல அவ அம்மா வீட்டுக்குப் போறா. எல்லாரையும் கூட்டினாலும் அவ நம்பருக்கு வரல.

"அப்ப ரோட்டுக்கு முக்காவாசி இந்தப் பொண்ணுதான் கட்டணும்," அப்படின்னாரு முன்வீட்டுக்காரரு.

"அண்ணே, நான் ஓடுனது பூரா வெளி ரோட்டுல. அதுக்கு ரோட் டேக்ஸு கட்டிட்டேன், டோலு கட்டிட்டேன். நம்ம ரோட்டுல காலையில ஒரு வாட்டி, சாயங்காலம் ஒரு வாட்டி. அவ்வளவுதான்."

"மீட்டரு அப்படிச் சொல்லலையே."

"மீட்டருக்கு என்ன தெரியும், எது நம்ம ரோடு, எது அரசாங்க ரோடுன்னு?"

அது நியாயம்னு ரெண்டு பேரு தலையாட்டுனாங்க. ஆனா சூடம் அடிச்சாச்சே, எப்படி மாத்துறதுன்னு ஒரு கெழவரு கேட்டாரு. மருமக கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுட்டா. வீட்டுக்கு வந்து சோறு போடும்போது, "அத்த, நான் லீவு எடுக்கிறேன், நானே உங்களக் கொண்டு போறேன்," அப்படின்னா. அவ கண்ணுக்குக் கீழ கருப்பு. ஒரு ஆளு எத்தன லீவு எடுக்க முடியும்? வருசம் பூரா ரத்தம் கழுவணும், சாவுற வரைக்கும் கழுவணும். சாப்பிட்டுப் படுத்தேன். ரொம்ப அசந்து போச்சு எனக்கு, ஒடம்பு இல்ல, மனசு.

வேன் தம்பி மேல கெஞ்சி இன்னும் ஒரு மாசம் தவண வாங்கிட்டு வந்தான். மூணாவது வாட்டி கூட்டத்துக்குப் பாதிப் பேருதான் வந்தாங்க. எல்லாருக்குமே அலுத்துப் போச்சு. தலைவரே கொட்டாவி விட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு. அப்புறம் சொன்னாரு, "அக்கா சும்மாதானே வாசல்ல உக்காந்திருக்குது. ரோட்டு நடுவுல அது வீடு. யாரு போறா, யாரு வாரான்னு அதுவே பாத்துச் சொல்லட்டும். கனத்த வண்டிக்குக் கூட, மொத்தோவுக்குக் கொறச்சல்."

"நான்தான் டோலா?"ன்னு கேட்டேன்.

"நீதான் டோலு."

எனக்குப் பெருமையா இருந்துச்சு, மறைக்கல. மறுநாளே ஒரு கரித்துண்ட எடுத்துக்கிட்டு வாசல்ல உக்காந்துட்டேன். எழுத்துத் தெரியாட்டி என்ன, செவுத்துல படம் போட்டேன். தவுக்கேக்குக் கோழி, நாசி லெமாக்காரிக்கு வாழ எல, தலைவருக்குத் தலப்பா, என் மருமகளுக்குப் பூன. லோரி போனா தடிச்ச கோடு, காடிக்கு நடுக்கோடு, மொத்தோவுக்கு மெல்லிசுக் கோடு. ரெண்டு நாளு ஒழுங்காப் போச்சு.

அப்புறம்தான் கூத்து. ரத்தம் கழுவிட்டு வந்த மறுநாளு எனக்கு நாற்காலியில உக்காந்தாலே கண்ணு சொருவும். தலைவரு பிக்கப்பு வந்தா சத்தத்துல முழிச்சுருவேன், கோடு போடுவேன். நாசி லெமாக்காரியும் உள்ள சுத்த வார முன்வீட்டுப் பசங்களும் கரண்டு மொத்தோவுல சத்தமில்லாம போயிடுவாங்க, நான் கொறட்ட விட்டுக்கிட்டு இருப்பேன். தலைவரு செவுத்தப் பாத்துட்டு எகிறினாரு. "என்ன அக்கா, என் வண்டி சத்தம் போடுதுன்னு எனக்கு மட்டும் கோடா? எண்ணெ ஊத்துறப்பவும் நான்தான் கட்டினேன், இப்பவும் நான்தானா?"

இன்னொண்ணு, செவ்வா, வியாழன், சனி நான் வாசல்ல இல்ல. ஒரு வாரத்துக்குள்ள தவுக்கே லோரி பூரா செவ்வா, வியாழன், சனிக்கு மாறிடுச்சு. முன்வீட்டுக்காரரு உள்ள இருக்கற அவரு துண்டுல வீடு கட்ட மணலு எறக்குனது எல்லாம் சனிக்கெழம. ரத்தம் கழுவுறது நானு, கையக் கழுவிக்கிட்டது அவங்க!

ஞாயித்துக்கெழம எல்லாரும் என் வாசல்ல செவுத்த சுத்தி நின்னாங்க. அவன் கோடு கம்மி, இவன் கோடு கூடன்னு சத்தம். நாசி லெமாக்காரி கடைசியா வந்தா, தலையில துண்டு, காலையில இருந்து நின்ன களப்பு. செவுத்த ஒரு பார்வ பாத்தா.

"எல்லாரும் இருக்கோம். நீங்க எங்க பாட்டி?"

"எனக்கு ஏதுடி வண்டி?"

"வாரத்துக்கு மூணு நாளு வேனு வருதே, போக வர. அது யாருக்கு வருது, சாமிக்கா? உங்களப் பாக்க வாரவங்க வண்டி, கேஸ் லோரி, மருமக காடி, எல்லாம் இந்த வாசலுக்குத்தானே வருது? பூன படம் போட்டீங்க, உங்க படம் எங்க?"

தலைவரு அதட்டினாரு. "ஏய், வாய மூடு. நோயாளிகிட்டயா காசு கேப்ப, பாவம் இல்ல?"

"பாவம் வேற, ரோடு வேற தலைவரே. நானும் ஒண்ணும் தவுக்கே இல்ல. பள்ளிக்கூடத்துப் பசங்களுக்கு ரெண்டு வெள்ளி காசுக்கு நாசி லெமாக் விக்கிறவ."

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. கோவம் வந்துச்சு. ஆனா திரும்பி செவுத்தப் பாத்தேன். அவ சொன்னது சரி. நான் ஓட்டல, ஆனா எனக்காகத்தான் ஓடுது. கரித்துண்ட அவகிட்டயே குடுத்தேன்.

"போடு. என்ன படம் போடுறியோ போடு."

அவ ஒரு ஊசி வரைஞ்சா. அதுக்குக் கீழ தடிச்ச தடிச்ச கோடு, என் கையத் தொட்டுக்கிட்டே போட்டா. பாக்கவே எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அவளுக்கும் வந்துச்சு.

மருமக முன்னால வந்தா. "அத்தைக்கு நான் கட்டுறேன்."

"நீ உனக்குக் கட்டு. எனக்கு நானு."

அன்னிக்கு அங்கயே பேசி முடிச்சுட்டோம், கூட்டம்னு ஒண்ணு போடாமலே. வண்டி யாருதுன்னு பாக்க வேணாம், எண்ணெயா கரண்டான்னு பாக்க வேணாம். எந்த வாசலுக்கு வந்துச்சோ அந்த வாசலு கட்டணும், கனத்துக்குத் தகுந்த மாதிரி. மணலு எறக்குனா மணலு வாங்கினவன். கோழித் தீனி வந்தா தவுக்கே. நான் பாக்க வேணாம், அவங்கவங்க மாசத்துக்கு ஒருக்கா வந்து செவுத்துல போட்டுட்டுப் போவணும். பொய் சொன்னா என்ன பண்ணுறதுன்னு ஒருத்தரு கேட்டாரு. பொய் சொல்லட்டும், அடுத்த வாசல்காரன் கண்ணு குருடான்னு நாசி லெமாக்காரி சொன்னா.

தவுக்கே பின்னால நின்னு செவுத்துல கோழி படத்தப் பாத்துக்கிட்டே இருந்தாரு. இந்தக் கணக்குப்படி பாத்தா எல்லாரையும் விடக் கூடக் கட்ட வேண்டியது அவருதான். தீனி லோரி, குஞ்சு லோரி, கோழி ஏத்துற லோரி.

"ஆன்ட்டி, என் கோழி ரொம்ப ஒல்லியா போட்டுட்டீங்க லா," அப்படின்னாரு. அப்புறம் சொன்னாரு, "நான் காசா கட்டல. என் லோரி லகாட்ல இருந்து காலியா வருது. கல்லு கொண்டாரேன். பழைய ஈயம் தோண்டின எடத்துல கெடக்கு."

ஒரு லோரிக் கல்லு வந்துச்சு. மத்தவங்க குடுத்த காசுக்கு ரோலர் ஒண்ணு வாடகைக்கு வந்துச்சு. முக்குல இருந்து கொட்டி அமுக்கிக்கிட்டே வந்தாங்க. எல்லாரும் ஓடுற பக்கம் அதுதானே, அதனால அங்க இருந்து ஆரம்பிச்சாங்க, எனக்காக இல்ல. ஆனா கல்லு என் வாசலுக்குக் கொஞ்சம் தாண்டித் தீந்து போச்சு. அதுக்கு அந்தாண்ட, தலைவரு வீடு, நாசி லெமாக்காரி வீடு, கோழிப்பண்ண எல்லாம் பழைய குழியோட கெடக்கு.

மாசா மாசம் எல்லாரும் வந்து கோடு போடுறாங்கன்னு சொன்னா அது பொய்யி. முன்வீட்டுக்காரரு ஒரு வாட்டி போட்டாரு, அப்புறம் காணோம். மருமக போடுறா. நான் அரசாங்கம் குடுக்குற உதவிப் பணத்துல இருந்து போடுறேன், வலிக்கத்தான் செய்யுது. இன்னொரு லோரிக் கல்லுக்கு எப்ப சேரும்னு யாருக்கும் தெரியல. தவுக்கே இப்ப கோழி வெல கொறஞ்சிருக்குன்னு சொல்றாரு.

ரோடப் பாத்து மேல உள்ளவங்க சரின்னு விட்ட பெறகு, வேன் வாசலுக்கு வந்த மொத செவ்வாக்கெழம தம்பி பாடிக்கிட்டே வந்தான். குலுக்கவே இல்ல. தட்டுல தண்ணி வச்சிருந்தாலும் சிந்தியிருக்காது. அவன் என்னக் கையப் புடிச்சு ஏத்துறான், அந்த நேரம் நாசி லெமாக்காரி கூடைய மொத்தோவுல கட்டிக்கிட்டு அந்தப் பக்கத்துல இருந்து வாரா. குழியில எறங்கி ஏறி, கூடை ஆட, ஒரு கையால கூடையப் புடிச்சுக்கிட்டு. என் வாசல்ல ரோடு நல்லா ஆனதும் மூச்சு விட்டு நிப்பாட்டினா, வேன் அடைச்சுக்கிட்டு நிக்குதுல்ல.

"உங்க ரோடு நல்லா இருக்கு பாட்டி."

"உன் பக்கமும் வரும்டி."

"எப்ப?"

"வரும்"னு மறுபடியும் சொன்னேன். அவ கூடைய இறுக்கிக் கட்டினா. வேன் ஒதுங்குனதும் சத்தமில்லாம போயிட்டா. நான் சீட்டுல சாஞ்சு கண்ண மூடிக்கிட்டேன்.